முட்டியைக் குறை சொல்லாதீர்கள், சீட்டைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காலையில் நாளிதழைப் பிரித்தால் உள்ளிருந்து விழும் துண்டுப் பிரசுரங்களில், அடுக்குமாடி வீடு, நகைக்கடைத் தள்ளுபடி ஆகியவற்றோடு இப்போது ஒரு புதுச் சரக்கும் சேர்ந்திருக்கிறது. இருட்டு அறை, நீல விளக்கு, வரிசை வரிசையாக நகராத சைக்கிள்கள், ‘45 நிமிடத்தில் 800 கலோரி’, ‘முதல் வகுப்பு இலவசம்’. பெங்களூருவில் இந்திராநகர், கோரமங்கலா, ஒயிட்ஃபீல்டு என்று நடக்கும் இந்தக் குழு சைக்கிள் வகுப்புகளுக்கு அல்சூர், பிரேசர் டவுன், ஆஸ்டின் டவுன் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களிலிருந்தும் ஆட்கள் போகத் தொடங்கியிருக்கிறார்கள். போகட்டும், நல்ல பயிற்சிதான். மழை இல்லை, குழி இல்லை, அவுட்டர் ரிங் ரோட்டுப் புகை இல்லை, லாரிக்காரர் ஹாரன் இல்லை. ஆனால் இரண்டாவது வகுப்போடு நின்றுவிடுகிறவர்களும் நிறையப் பேர். ஏன் என்றால் ‘முட்டி வலிக்கிறது’, ‘உட்கார முடியவில்லை’, ‘இந்த வயதில் நமக்கு ஒத்துவராது’ என்கிறார்கள். பெரும்பாலும் வயதின் மேல் பழி போட வேண்டியதில்லை. அந்தச் சைக்கிளை அவர்கள் அளவுக்கு யாரும் வைத்துக் கொடுக்கவில்லை. இத்தகைய வகுப்புகளை நடத்தும் பயிற்றுநர்கள் என்ற முறையில் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறோம்.

தெருவில் சைக்கிள் ஓட்டிப் பழகிய எல்லோருக்கும் ஒரு பழக்கம் உண்டு: சீட்டில் உட்கார்ந்தபடியே இரண்டு காலும் தரையில் ஊன்ற வேண்டும். சிக்னலில் நிற்கும்போது விழாமல் இருக்க அது தேவை. அறைக்குள் இருக்கும் சைக்கிள் விழாது. ஆனாலும் குரங்குப் பெடலில் தொடங்கியவர்கள் இங்கேயும் சீட்டைத் தாழ்த்திவைத்துக்கொண்டுதான் உட்காருகிறார்கள். சீட் தாழ்ந்தால் ஒவ்வொரு சுற்றிலும் முட்டி அளவுக்கு மீறி மடங்குகிறது. முட்டிச் சில்லு தொடையெலும்பின் மேல் அழுந்துகிறது. நிமிடத்துக்கு 80 சுற்று என்றால் 45 நிமிடத்தில் ஒவ்வொரு முட்டியும் 3,600 முறை மடங்கி நிமிரும். மறுநாள் மாடிப்படி இறங்கும்போது முட்டியின் முன்பக்கம் வலித்தால் அது இந்தக் கணக்கின் பலன்.

சரியான உயரத்தைக் கண்டுபிடிக்கப் பெரிய வித்தை ஒன்றும் வேண்டாம். சைக்கிளுக்குப் பக்கத்தில் நேராக நின்று, இடுப்பெலும்பின் மேல்விளிம்பு எங்கே இருக்கிறது என்று விரலால் தொட்டுப் பார்த்து, அந்த மட்டத்துக்குச் சீட்டை வையுங்கள். இது உத்தேசம்தான். பிறகு ஏறி உட்கார்ந்து, குதிகாலைப் பெடலில் வைத்துக் கீழ்க்கோடிவரை இறக்குங்கள். கால் முழுக்க நீள வேண்டும், ஆனால் இடுப்பு ஒரு பக்கம் சாயக் கூடாது. இப்போது முன்பாதத்தைப் பெடலுக்கு மாற்றினால் முட்டியில் 25 முதல் 35 டிகிரி மடிப்பு தானாக வந்துவிடும். எண்ணாகவே வேண்டும் என்பவர்களுக்கு, டூர் டி பிரான்ஸ் பந்தயத்தை 1986, 1989, 1990 என மூன்று முறை வென்ற கிரெக் லெமாண்ட் பரவலாக்கிய கணக்கு ஒன்று உண்டு. வெறுங்காலில் நின்று கவட்டிலிருந்து தரைவரை அளந்து 0.883-ஆல் பெருக்குங்கள். 75 செ.மீ. என்றால் 66 செ.மீ. சொச்சம். பெடல்தண்டு சுழலும் மையத்திலிருந்து சீட்டின் மேற்பரப்புவரை அவ்வளவு இருக்க வேண்டும். அது பந்தயக்காரர்களின் காலணிக்குப் போட்ட கணக்கு. சாதாரண ஷூ போட்டு வருபவர்கள் அங்கிருந்து தொடங்கி, மிதித்துப் பார்த்துக் கொஞ்சம் கூட்டவோ குறைக்கவோ வேண்டியிருக்கும். அளவுக்கு மேல் ஏற்றினாலும் வம்புதான்: கீழே எட்டுவதற்காக இடுப்பு இடமும் வலமுமாக ஆடும், முட்டியின் பின்பக்கமும் கீழ்முதுகும் வலிக்கும்.

உயரத்தோடு வேலை முடிவதில்லை. சீட்டை முன்னும் பின்னும் நகர்த்தவும் ஒரு பிடி இருக்கிறது. பாதிப் பேர் அதைத் தொடுவதே இல்லை. இரண்டு பெடலையும் ஒரே மட்டத்தில் நிறுத்துங்கள். முன்னால் இருக்கும் காலின் முட்டிக்குக் கீழிருந்து, கொத்தனார் தூக்குக்குண்டு பிடிப்பதுபோல நூலில் சாவி கட்டித் தொங்கவிட்டால், அது பெடலின் அச்சுக்கு நேரே விழ வேண்டும். அச்சைத் தாண்டி முன்னால் விழுந்தால் சீட்டைப் பின்னால் தள்ளுங்கள். ஹேண்டில்பார் தூரத்துக்குச் சுலபமான வழி: முழங்கையைச் சீட்டின் மூக்கில் வைத்துக் கையை நீட்டினால் விரல்நுனி ஹேண்டில்பாரைத் தொட வேண்டும். உயரம் குறைந்த பெண்களுக்கு இங்கேதான் சிக்கல். எட்டிப் பிடித்துப் பிடித்துத் தோளும் கழுத்தும் இறுகிவிடும். ஹேண்டில்பார் நகராத மாடல் என்றால் நகரும் சைக்கிள் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். புதியவர்களுக்கு ஹேண்டில்பார் சீட் மட்டத்திலோ அதைவிட இரண்டு மூன்று விரற்கடை மேலேயோ இருக்கட்டும். பந்தயக்காரர் மாதிரி தாழ்த்திவைத்துக் குனிவது படத்துக்கு அழகு, முதுகுக்கு இல்லை.

சரிசெய்து முடித்ததும் ஒவ்வொரு பிடியையும் இறுக்கி, கம்பத்தின் துளையில் ஆணி உள்ளே விழுந்துவிட்டதா என்று சீட்டை ஒரு தடவை அமுக்கிப் பாருங்கள். கம்பத்தில் ‘இதற்கு மேல் உயர்த்தாதே’ என்ற கோடு இருக்கும். அதைத் தாண்டக் கூடாது. பிறகு கம்பங்களில் உள்ள எண்களை அலைபேசியில் படம் எடுத்துவைத்துக்கொண்டால் அடுத்த முறை அரை நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். வேறு உடற்பயிற்சிக்கூடம், வேறு மாடல் என்றால் அந்த எண் செல்லாது.

பாதத்தின் அகலமான பகுதி, அதாவது கட்டைவிரலின் அடிமுட்டு, பெடல் அச்சின் மேல் இருக்க வேண்டும். பலர் நடுப்பாதத்தால் மிதிக்கிறார்கள். பெடலில் பாதத்தைப் பிடித்துக்கொள்ளும் கூண்டின் வார், விரல் நுழையாத அளவுக்கு இறுகினால் இருபது நிமிடத்தில் கால்விரல் மரத்துப்போகும். ஓட்டப்பயிற்சிக்கான மெத்து ஷூவைவிட அடிப்பகுதி விறைப்பான ஷூ நல்லது. லேஸ் நுனியை உள்ளே செருகிவிடுங்கள். துப்பட்டா, தொளதொள பேன்ட், தரையைத் தொடும் சல்வார் எதுவும் பெடல் பக்கம் வரக் கூடாது.

இதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. தெருச் சைக்கிளில் ஃப்ரீவீல் உண்டு. மிதிப்பதை நிறுத்தினாலும் சக்கரம் தன் பாட்டுக்கு ஓடும், கால் சும்மா இருக்கும். அறைச் சைக்கிள்களில் பெரும்பாலானவற்றில் அது கிடையாது. 13 முதல் 22 கிலோ வரை எடையுள்ள ஃப்ளைவீல் என்ற கனச் சக்கரம் பெடலோடு நேரடியாகப் பிணைந்திருக்கிறது. நீங்கள் நிறுத்தினாலும் அது நிற்காது. உங்கள் காலையும் சேர்த்து இழுத்துக்கொண்டு சுற்றும். வேகமாகச் சுற்றும்போது காலைச் சட்டென்று எடுக்கப் பார்த்தால் பெடல் முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் அடிக்கும். நிறுத்த வழி, ரெசிஸ்டன்ஸ் திருகை, அதாவது மிதிக்கும் பளுவைக் கூட்டிக் குறைக்கும் குமிழை, நேராகக் கீழே அமுக்குவது. சில காந்த மாடல்களில் லீவரை முழுக்கத் தள்ள வேண்டும். வகுப்பு தொடங்கும் முன்பே பெடலைக் கையால் சுற்றிவிட்டுத் திருகை அமுக்கிப் பாருங்கள். சக்கரம் அந்தக் கணமே நின்றால் சரி. வழுக்கிக்கொண்டு ஓடினால் பிரேக் கட்டை தேய்ந்திருக்கிறது. வேறு சைக்கிளுக்கு மாறிவிடுங்கள். உராய்வுக் கட்டை வைத்த சைக்கிள்களில் அது தேயும், வியர்வை பட்டுக் காய்ந்து கிரீச்சிடும். இதைக் கவனித்து மாற்றுவது கூடத்தின் பொறுப்பு. ஆனால் ஏறி உட்காரப்போவது நீங்கள்.

ரெசிஸ்டன்ஸ் விஷயத்தில் புதியவர்கள் செய்யும் தவறு நாம் நினைப்பதற்கு நேர்மாறானது. பளுவைக் கூட்டிக் கஷ்டப்படுகிறவர்களைவிட, பளுவே வைக்காமல் வேகமாகச் சுற்றுகிறவர்கள்தான் அதிகம். பளு இல்லையென்றால் சுற்றுவது சக்கரம், நீங்கள் இல்லை. சீட்டில் இடுப்பு துள்ளத் தொடங்கினால் அதுதான் அடையாளம். உடனே திருகில் கால் சுற்று கூட்டுங்கள். சமதளம் என்று சொல்லும்போது நிமிடத்துக்கு 80 முதல் 110 சுற்று, ஏற்றம் என்று சொல்லும்போது 60 முதல் 80. திரை இல்லாத சைக்கிளில் வலது முட்டி மேலே வருவதை 15 நொடி எண்ணி நான்கால் பெருக்குங்கள்: 20 என்றால் 80. அறுபதுக்குக் கீழே போனால் பளு அதிகம், முட்டியில் சுமை ஏறுகிறது. எழுந்து நின்று மிதிக்கும்போது பளு கட்டாயம் வேண்டும். அது இல்லாமல் நின்றால் கால் வழுக்கும், முகம் ஹேண்டில்பாரில் மோதும்.

வகுப்பில் பயிற்றுநர் ஒலிபெருக்கியில் சொல்வது பாதி ஆங்கிலம், மீதி பாட்டுச் சத்தத்தில் கரைந்துவிடும். அதனால் சில சொற்களை முன்பே தெரிந்துகொண்டு போவது நல்லது. ‘ஆட்’ என்றால் பளுவைக் கூட்டு. ‘ரிகவரி’ என்றால் பளுவைக் குறைத்து மூச்சை நிதானப்படுத்து, நிறுத்தாதே. ‘ஜம்ப்’ என்றால் தாளத்துக்கு ஏற்ப எழுந்து உட்கார், குதிப்பது இல்லை. ‘செகண்ட் பொசிஷன்’ என்றால் கைகளை அகல வைப்பது, ‘தேர்ட் பொசிஷன்’ என்றால் ஹேண்டில்பார் கொம்பின் நுனியைப் பிடிப்பது. இது எழுந்து நின்று ஏற்றம் ஏறும்போது மட்டும். ஒரு செய்தியையும் சேர்த்துக்கொள்ளலாம்: எல்லோரும் சொல்லும் ‘ஸ்பின்னிங்’ என்பது பதிவுபெற்ற வணிகப் பெயர். தென்னாப்பிரிக்காவில் பிறந்து அமெரிக்காவுக்குப் போன ஜானி கோல்ட்பெர்க் என்ற சைக்கிள் வீரரின் முயற்சி அது. ஷ்வின் நிறுவனத்தின் சைக்கிள் 1995-ல் வந்த பிறகுதான் உலகமெங்கும் பரவியது. அதனால்தான் பல கூடங்கள் ‘இண்டோர் சைக்கிளிங்’ என்று மட்டும் எழுதுகின்றன.

எவ்வளவு கடுமையாக மிதிக்கலாம்? உச்ச இதயத்துடிப்புக்கு 220-லிருந்து வயதைக் கழிக்கும் கணக்கு எல்லோருக்கும் தெரியும். வயது கூடக்கூட அது குறைவாகக் காட்டும். வயதை 0.7-ஆல் பெருக்கி 208-லிருந்து கழிப்பது மேல். 60 வயதுக்காரருக்கு முதல் கணக்கில் 160, இரண்டாவதில் 166. முதல் மாதம் அதில் முக்கால்பங்கைத் தாண்ட வேண்டாம். அறுபதுக்கு அது 125 சொச்சம். ரத்த அழுத்தத்துக்காக பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு எந்தக் கணக்கும் பொருந்தாது. மாத்திரை துடிப்பைக் கட்டிப்போட்டிருக்கும். அவர்களுக்கும் கைக்கடிகாரக் கருவியை நம்பாதவர்களுக்கும் அல்சூர் ஏரிக்கரையில் சிலையாக இருக்கும் திருவள்ளுவரே துணை. ஒரு குறளில் ஏழு சீர். மிதித்துக்கொண்டே ஏழையும் ஒரே மூச்சில் சொல்ல முடிந்தால் மிதமான பயிற்சி. முதலடி முடியும் இடத்தில், நான்காம் சீரில் மூச்சு வாங்கினால் கடுமையான பயிற்சி. ‘அகர’வோடு நின்றுவிட்டால் பளுவைக் குறையுங்கள்.

இலவச முதல் வகுப்பு எங்களுக்கே கொஞ்சம் அச்சம் தரும் விஷயம். வந்தவரைக் கவர வேண்டும் என்று அன்றைக்குத்தான் எல்லா வித்தையும் காட்டுவார்கள். வந்தவரும் பக்கத்து சைக்கிளைப் பார்த்து விட்டுக்கொடுக்காமல் மிதிப்பார். உடலின் மிகப் பெரிய தசைகளில் சில தொடையில் இருக்கின்றன. பழக்கமில்லாத தொடையை 45 நிமிடம் ஓயாமல் வதைத்தால் தசைநார்கள் சிதைந்து, அவற்றின் புரதம் ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைத் தாக்கும். இதற்கு ராப்டோமயோலிசிஸ் என்று பெயர். அரிதானதுதான், ஆனால் முதல் ஸ்பின் வகுப்புக்குப் பின் இப்படி மருத்துவமனையில் சேர்ந்தவர்களைப் பற்றி 2017-ல் அமெரிக்க மருத்துவ இதழிலேயே எழுதியிருக்கிறார்கள். ஒன்றிரண்டு நாள் கழித்துத் தொடை வீங்கி, காலை மடக்க முடியாமல், சிறுநீர் காபி டிக்காஷன் நிறத்தில் போனால் வலி மாத்திரை போட்டுக்கொண்டு படுத்துவிடக் கூடாது. அந்த மாத்திரைகளில் பல சிறுநீரகத்துக்கு இன்னும் கெடுதல். நேராக மருத்துவமனைக்குப் போக வேண்டும். கொழுப்பைக் குறைக்க ஸ்டாட்டின் சாப்பிடுகிறவர்களுக்கு இந்த எச்சரிக்கை இரட்டிப்பு.

ஆகவே முதல் வகுப்பில் 20, 25 நிமிடம் போதும், முழுக்க உட்கார்ந்தபடி. கதவுக்குப் பக்கத்துச் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு, ‘பாதியில் இறங்கிவிடுவேன்’ என்று முன்பே சொல்லிவிடுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இறங்கும் முன் மூன்று நான்கு நிமிடம் பளுவைக் குறைத்து மெதுவாக மிதியுங்கள். சட்டென்று நிறுத்தினால் ரத்தம் காலிலேயே தங்கித் தலை சுற்றும். முதல் இரண்டு வாரம் வாரத்துக்கு இரண்டு வகுப்பு, நடுவில் இரண்டு நாள் இடைவெளி. மூன்றாவது வாரத்திலிருந்து முழு வகுப்பு, எழுந்து நிற்பது ஒவ்வொரு முறையும் 30 நொடிக்குள். மாதம் முடிந்த பின் வாரம் மூன்று. உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல்படி வாரத்துக்கு 75 முதல் 150 நிமிடக் கடும்பயிற்சி போதும்; மூன்று வகுப்பில் 135 வந்துவிடுகிறது. அதே வழிகாட்டுதல் வாரத்தில் இரண்டு நாள் தசைப் பயிற்சியும் கேட்கிறது. சைக்கிளில் உடல் எடையைச் சீட் தாங்குவதால் எலும்புக்குப் பலன் குறைவு, முக்கியமாக மாதவிடாய் நின்ற பெண்களுக்கு.

உட்காரும் இடத்து வலியைப் பற்றிக் கேட்கக் கூச்சப்படுகிறார்கள், அதனால் நாங்களே சொல்கிறோம். இடுப்பின் அடியில் இருக்கும் இரண்டு எலும்புமுனைகள் சீட்டில் பதிகின்றன. நான்கைந்து வகுப்புகளில் அந்த இடம் பழகிவிடும். பலர் உடனே ஜெல் உறை வாங்குகிறார்கள். அது எலும்பை உள்ளே அமிழவிட்டு நடுவில் இருக்கும் மென்மையான சதையை அழுத்துகிறது. மெத்தை வைத்த சைக்கிள் ஷார்ட்ஸ் நல்ல செலவு. அதனுள் உள்ளாடை போடக் கூடாது, தையல் உரசிப் புண்ணாகும். வலியைப் பொறுக்கலாம், மரத்துப்போவதைப் பொறுக்கக் கூடாது. அப்படி ஆனால் சீட்டின் மூக்கு மேல்நோக்கி இருக்கிறதா, ஹேண்டில்பார் மிகத் தாழ்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

அந்த 800 கலோரிக்கு வருவோம். சைக்கிளின் திரை சராசரி வாட்டைக் காட்டுமானால் நீங்களே சரிபார்க்கலாம். வாட்டை வகுப்பின் நொடிகளால் பெருக்கி 1,000-ஆல் வகுத்தால் கிலோஜூல். உடம்பு எரிக்கும் சக்தியில் கிட்டத்தட்டக் கால்பங்குதான் பெடலைச் சேர்கிறது. ஒரு கலோரியோ நாலு கிலோஜூல் சொச்சம். இரண்டும் ஒன்றுக்கொன்று சரிக்கட்டிக்கொள்வதால் கிலோஜூல் எண்ணே ஏறத்தாழ கலோரி எண். 100 வாட், 2,700 நொடி: 270. நம்மூர் வெண்ணெய் மசால் தோசை ஒன்றுக்கே அது காணாது. 800 வேண்டுமானால் 45 நிமிடமும் சராசரி 296 வாட் இறங்காமல் மிதிக்க வேண்டும். அது பந்தயத்துக்கு ஆண்டுக்கணக்கில் பழகியவர்களின் கால். எடை குறைக்க மட்டும் வருபவர்கள் இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டு வந்தால் இரண்டாவது மாதம் ஏமாற மாட்டார்கள்.

காலை ஆறு மணி வகுப்புக்கு ஒரு வாழைப்பழமோ அரை டம்ளர் காபியோ போதும். இட்லி என்றால் இரண்டு மணி நேரம் முன்னதாக. வகுப்பில் அரை முதல் முக்கால் லிட்டர் தண்ணீர், வாய் வாயாக. இன்சுலினோ கிளிமிபிரைடு வகை மாத்திரையோ எடுப்பவர்கள் வருமுன் சர்க்கரையைப் பார்க்க வேண்டும். 100-க்குக் கீழே இருந்தால் ஏதாவது சாப்பிட்டுவிட்டே ஏற வேண்டும். ரத்த அழுத்தம் 180/110 தொட்டால் அன்றைக்கு வகுப்பே வேண்டாம். இதய நோய், சர்க்கரையால் விழித்திரைக் கோளாறு, கர்ப்பம், முட்டி மாற்று அறுவை என்றால் மருத்துவரைக் கேட்காமல் பணம் கட்டாதீர்கள்.

கூடம் நடத்துகிறவர்களிடம் நாங்கள் கேட்பது சில காரியங்கள். புதியவர் வந்தால் பயிற்றுநர் 15 நிமிடம் முன்னதாக இருந்து அவருடைய சைக்கிளை வைத்துக் கொடுக்க வேண்டும், பிரேக்கை அமுக்கிக் காட்ட வேண்டும், தமிழிலோ கன்னடத்திலோ, அவருக்குப் புரியும் மொழியில். நெஞ்சுவலி, மயக்கம், மாத்திரை பற்றிய கேள்வித்தாளை நிரப்பாமல் யாரையும் ஏற்றக் கூடாது. பாட்டுச் சத்தத்தை அளந்து பாருங்கள்: 94 டெசிபலில் ஒரு மணி நேரம்தான் காது தாங்கும், 100 என்றால் 15 நிமிடம். நாளுக்கு நான்கு வகுப்பு எடுக்கும் பயிற்றுநரின் காதையும் நினையுங்கள். உடற்பயிற்சிக்கூடக் கட்டணத்தின் ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதத்திலிருந்து 5 ஆகியிருக்கிறது. ரசீதில் அது தெரியட்டும். அந்த நீல விளக்கு எங்களுக்கும் பிடிக்கும். ஆனால் கடைசி ஆள் சீட்டை இறுக்கி முடிக்கும்வரை டியூப் லைட்டை அணைக்காதீர்கள்.

இப்படிக்கு,
குழு சைக்கிள் பயிற்றுநர்கள் சிலர்,
அல்சூர், பெங்களூரு.